அடையாள அட்டையில் இருந்த பெயர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒருவருடைய முழுப்பெயரைக் கேட்டவுடனே அவர் எந்தப் பக்கத்து ஆள், எந்தச் சமயம், வீட்டில் எந்தச் சாமிப்படம் தொங்கும் என்று சொல்லிவிடுவேன். அதைக் கெட்டித்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன அச்சகத்தில் கல்யாணக் கார்டுகளையும் மரண அறிவித்தல்களையும் சரிபார்க்கிறவன் நான். நாள் முழுக்கப் பெயர்களோடுதான் பிழைப்பு. "பேரை மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் சொல்லுறன்" என்று வருகிறவர்களிடமே பந்தயம் பிடிப்பேன். அநேகமாக நான்தான் வெல்வேன்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் அது கழன்றுவிடும். லண்டனில் இருக்கிற என் மச்சானை வேலையிடத்தில் எல்லோரும் அவனுடைய தகப்பன் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். "அப்பர் செத்துப் பத்து வருசம், அவருக்குப் பதிலா நான் இன்னும் ஓம் ஓம் எண்டுகொண்டிருக்கிறன்" என்று சிரிப்பான். சிங்களவர்களில் பலருக்குப் பெயருக்கு முன்னால் நீளமாக ஒரு பரம்பரைப் பெயர் இருக்கும். அதைக் கவனமாக வாசித்தால் சிலவேளை ஊர் தெரியும், பூட்டன் பார்த்த வேலையும் தெரியும். எங்கள் முதலாளி முஸ்லிம். தன் பெயருக்கு அருளாளனின் அடியான் என்று பொருள் என அவரே எனக்குச் சொல்லித்தந்தார். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் என்றால் முன்னால் ஒரு புனிதரின் பெயர், பின்னால் பலருக்குப் போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப்போன பெயர். அப்படிப்பட்ட பெயர்களில் ஒன்றுக்குக் காடு என்று பொருளாம், இன்னொன்றுக்குப் பேரிக்காய் மரமாம். கொட்டாஞ்சேனையில் யார் பேரிக்காய் மரத்தைக் கண்டது என்று நான் பகிடி விடுவேன்.

எங்கள் ஃப்ளாட்டின் கீழ்த்தளத்தில் ஒரு அன்ரி தனியாக இருந்தார். எழுபது தாண்டியவர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் கனடாவில். நெற்றியில் பட்டையாகத் திருநீறு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். நானும் மனைவியும் வேலைக்குப் போகிற நாட்களில் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அன்ரி வீட்டில்தான் சாப்பிடுவாள். பதினான்கு வருடப் பழக்கம். எல்லோரும் அவரை ஒரு வீட்டுப்பெயரால்தான் அழைத்தோம். எங்களுக்குள் அது புதினமே இல்லை. சொந்தச் சித்தப்பாவின் பதிவுப் பெயர் என்னவென்று மரண அறிவித்தல் அடிக்கிற அன்றுதான் பலருக்குத் தெரியவரும். அச்சகத்துக்கு வருகிறவர்களிடம் "பதிவுப் பேர் என்ன?" என்று முதலில் கேட்கிறவனே நான்தான். ஆனால் அன்ரியிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் கோயிலுக்குப் போகிற வழியில், எங்கள் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியில் விழுந்துவிட்டார். ஆட்டோக்காரர்கள் சொல்லி எங்கள் காவலாளிக்குத் தெரியவந்தது, அவர் எனக்குப் போன் பண்ணினார். யாரோ அம்புலன்சில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், எந்த ஆஸ்பத்திரி என்று சரியாகத் தெரியவில்லை. அன்ரியின் போன் வேலை செய்யவில்லை. கனடாவில் அப்போது நடுச்சாமம். மகனுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

விசாரணை ஜன்னலில் இருந்தவர் "நம மொக்கத?" என்று பெயரைக் கேட்டார். வீட்டுப்பெயரையும் அதற்குப் பின்னால் கணவரின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படி யாரும் இல்லை என்றார். பிறகு, காலையில் ரோட்டில் விழுந்த ஒரு வயதான பெண்ணைக் கொண்டுவந்தார்கள், பையில் அடையாள அட்டை இருந்தது என்று சொல்லி அந்தப் பெயரை வாசித்தார். முன்னால் ஒரு புனிதையின் பெயர், பின்னால் போர்த்துக்கேயப் பெயர்.

"நே மஹத்தயா", இல்லை ஐயா, என்றேன். எங்கள் அன்ரி இந்து, இது கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெயர் என்று அந்த மனிதருக்குச் சிங்களத்தில் வகுப்பு எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதற்கும் வார்டுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள், இரண்டாம் மாடிதான் என்றார். தேவையில்லை என்றேன். அப்போது நேரம் பத்தேகால்.

பிறகு நான் அலையாத இடமில்லை. இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகள், கொழும்புப் பெரியாஸ்பத்திரி, பொலிஸ் நிலையம். போன இடமெல்லாம் அதே வீட்டுப்பெயரைச் சொன்னேன். மூன்றரைக்கு அன்ரியின் மகன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். நித்திரையால் எழும்பி அப்போதுதான் மெசேஜைப் பார்த்திருக்கிறான்.

"அண்ணா, அம்மான்ர அடையாள அட்டையில வேற பேர். அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டனீங்களோ?"

"என்ன பேர்?"

சொன்னான். காலையில் ஜன்னலில் வாசித்த அதே பெயர். ஆட்டோ ஒன்றை மறித்து ஏறினேன். போகிற வழியெல்லாம் அவன் கதைத்துக்கொண்டே வந்தான்.

"அம்மா வேதக்காரர், அண்ணா. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். அப்பாவைக் கட்டினதோட அவவின்ர ஆக்கள் கதவைச் சாத்திட்டினம். அப்பான்ர ஆக்களும் சேர்க்கேல்ல. பிறகு அப்பா கூப்பிட்ட பேரோடயே இருந்திட்டா. அட்டையை மாத்தச் சொல்லி நான் எத்தினை தரம் சொன்னனான். சண்டைக் காலத்தில ஆமி செக்பொயின்ற்றில அந்தப் பேரைப் பாத்து, சிங்கள ஆக்களெண்டு நினைச்சுத்தான் எங்களை விட்டவங்கள், அதை விடமாட்டன் எண்டிட்டா."

அந்த நாட்களில் நானும் செக்பொயின்ற்றில் நின்றிருக்கிறேன். சிப்பாய் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அப்பாவின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, ஓரமாகப் போய் நில் என்று கையைக் காட்டுவான். பெயரைப் பார்த்து மனிதனைப் பிரிக்கிற அந்த முகத்தை நான் எவ்வளவு வெறுத்தேன். அன்றைக்கு ஜன்னலில் எனக்கு இருந்தது அதே முகம்தான். சிப்பாய்கூட அந்தப் பெயரைப் பார்த்து அன்ரியைப் போகவிட்டான். நான்தான் அவரை அனாதையாகக் கிடக்கவிட்டேன்.

இரண்டாம் மாடிக்கு ஏறும்போது நாலு மணி. கட்டில் வெறுமையாக இருந்தது. இரண்டு நாற்பதுக்கு முடிந்துவிட்டது என்று தாதி சொன்னார். தலைக்குள் இரத்தக்கசிவாம். முன்னமே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டொக்டர் பிறகு சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். அது ஆறுதலாக இல்லை. காப்பாற்றத்தான் முடியாது, பக்கத்தில் இருந்திருக்கலாமே. ஒரு மனிதருக்குக் கடைசியில் அதைவிட வேறென்ன வேண்டும்?

தாதி என் பெயரைக் கேட்டார். வழக்கம்போல முதலெழுத்தைப் போட்டுச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மேசையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். அன்ரி சொல்லச்சொல்ல அவர் சிங்களத்தில் எழுதிவைத்தது. என் முழுப்பெயர், அப்பாவின் பெயரை விரித்து எழுதிய முழுப்பெயர், மாடி, வீட்டு இலக்கம், எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. தபால்காரன் எங்கள் கடிதங்களைக் கீழே அன்ரியிடம்தான் கொடுத்துவிட்டுப் போவான். போன் நம்பர்தான் அவருக்கு ஞாபகம் வரவில்லையாம்.

"மத்தியானம் வரைக்கும் நினைவோடு இருந்தார்" என்று தாதி சிங்களத்தில் சொன்னார். "மேல்வீட்டுத் தம்பி தேடிக்கொண்டு வந்துவிடுவான், அவனுக்குச் சிங்களம் நல்லாகத் தெரியும், எல்லாம் கேட்டு வந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவுப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஏன் மஹத்தயா இவ்வளவு பிந்தினீர்கள்?"

ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நல்ல சிங்களத்தில் பொய் சொன்னேன்.