அக்காவின் குரல் ஊருக்குப் போன நாட்கள்

மாமா இறந்த அன்று எங்கள் ஊரில் ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. கடலூரை ஒட்டிய மீனவ ஊர் எங்களுடையது. ஊரில் சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஆனால் மாமா எங்கள் ஊர்க்காரர் இல்லை. என் அக்காவின் வீட்டுக்காரர், சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். அவருக்காகவும் படகுகள் கரையில் கிடந்தன என்றால் அது அவருடைய குரலுக்காகத்தான்.

தினமும் சாயங்காலம் அவர் கடல் நிலவரம் சொல்வார். வானிலை அறிக்கையைப் படித்துவிட்டு அதை எங்கள் பேச்சில் சொல்வார். “நாளைக்கு காத்து ஜாஸ்தி. சின்ன போட்டெல்லாம் எறக்காதீங்க” என்று அவர் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அது போதும். கடலூரில் போன் ஆப் செய்து பிழைக்கிறவன் நான். ஊருக்கென்று ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தேன். அதைத் திறந்தால் மாமா பேசுவார்.

தொல்லை எங்கே என்றால், அவர் போனில் பதிவாகிற ஃபைல் பெரியது. எங்கள் கரையில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. அந்த ஃபைலைச் சின்ன எம்பி3 ஆக மாற்றித்தான் ஆப்பில் ஏற்ற வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தாலும் பாதியில் எழுந்து வந்து மாற்றிக் கொடுப்பேன். எரிச்சல் எரிச்சலாக வரும். மாமாவிடம் காட்ட முடியாது, அக்காவிடம் காட்டுவேன்.

வழியைக் கண்டுபிடித்தது மாமாதான். ஒரு வரி நிரல்கூட எழுதாமல், திரையில் பெட்டி பெட்டியாக இழுத்து இணைக்கிற ஒரு இணையதளம். ஆப்பின் நிரலெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் இடத்தை நாங்கள் ரெப்போ என்போம். அங்கே புதிதாக ஒரு ஒலி ஃபைல் வந்து விழுந்தால் முதல் பெட்டி விழித்துக்கொள்ளும். அடுத்த பெட்டி அதைச் சின்னதாக்கும். அதற்கடுத்தது ஆப்பில் ஏற்றிவிடும். பல வருஷமாக நிரல் எழுதுகிறவனுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

நடுவில் நான் ஒருமுறை கேட்டுவிட்டு ‘சரி’ கொடுத்தால்தான் வெளியே போக வேண்டும் என்று ஒரு பெட்டி வைத்தேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

“பேசுறது நான் ஒருத்தன். நடுவுல எதுக்கு மச்சான் காவக்காரன்? நீ போயி பந்தியில முழுசா சாப்புடு.”

எடுத்துவிட்டோம். அவர் போன் திரையில் மைக் படம் போட்ட ஒரு பொத்தானை வைத்துக் கொடுத்தேன். அழுத்திப் பேசினால் மற்றதெல்லாம் தானாக நடந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தார்கள். அவருடைய போன் அக்காவிடம் இருந்தது. ஆப்பை மூட எனக்கு மனசு வரவில்லை. மூடினால் அவர் இன்னொரு தரம் போய்விடுவார் என்று இருந்தது.

பிறகு ஒரு காலையில் ஊரிலிருந்து பெரியம்மா முறையாகிற ஒருத்தி கூப்பிட்டாள். மீன் விற்கிறவள், சத்தமாகப் பேசித்தான் பழக்கம். அன்று குரல் அடங்கி இருந்தது.

“தம்பி, ஒங்கக்கா பேசுறது எல்லார் போன்லயும் வருதுப்பா.”

“எப்பலேருந்து பெரிம்மா?”

“ஒரு வாரமா இருக்கும். சொல்லலாமா வேணாமான்னே கெடந்தோம். கேக்கக் கூடாதுன்னு தெரியுது. ஆனா கேட்டுட்டோம்.”

ரெப்போவைத் திறந்தேன். சாயங்காலத்துக்கு ஒன்றாக ஃபைல்கள் வந்திருந்தன. ஒன்றைப் போட்டேன்.

“ஏங்க, இன்னிக்கி கேஸ் சிலிண்டர் வந்துச்சு. ஓடிபி ஒங்க நம்பருக்குத்தான் வந்துச்சு. ஒங்க பேரு சொல்லி கூப்டான், வந்துட்டேன்னு சொல்லிட்டு நான் போனேன். மாடியில காத்து ஜாஸ்தியா இருக்கு. கதவு அடிச்சிக்கிட்டே கெடக்கு, எனக்கு பயமா இருக்குங்க.”

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. என் அக்கா யார் முன்னாலும் அழுதவள் இல்லை. காரியத்தன்றுகூட வந்தவர்களுக்கு எல்லாம் டீ கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டு நின்றவள். மாமா இல்லாதபோது எதுவும் ஊருக்குப் போகாது, போனுக்குள்ளேயே கிடக்கும் என்று நினைத்து, அந்த மைக் பொத்தானை அழுத்தி அவள் பேசியதெல்லாம் சின்ன எம்பி3 ஆகி, வலை பின்னுகிற இடத்திலும் ஏலம் விடுகிற இடத்திலும் ஒலித்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்தால் அந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டாள். அந்த இணைப்பை மொத்தமாக அணைத்தேன். ஆப்பில் இருந்த அவள் குரலையெல்லாம் அழித்தேன்.

அணைத்தால் போதுமா, அவளிடம் சொல்ல வேண்டாமா என்று குழம்பிக் கிடந்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

அக்கா கதவைத் திறந்தாள். கண் உள்ளே போயிருந்தது. அடுப்பங்கரையில் வடித்த சோறு தொடாமல் இருந்தது.

“சாப்டலியாக்கா?”

மாமாவின் போனை என் கையில் கொடுத்தாள்.

“இத என்னான்னு பாருடா. நேத்துலேருந்து மெசேஜ் வரல.”

“என்ன மெசேஜ்?”

மேலே தள்ளிக் காட்டினாள். வரிசையாக ஒரே செய்தி: “வந்து சேந்துடுச்சு. எழுந்து போய் சாப்புடு.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பெட்டி வரிசையின் கடைசியில், வேலை முடிந்ததும் தன் போனுக்கு இந்தச் செய்தியை அனுப்புகிற ஒரு பெட்டியை மாமா தனியாகச் சேர்த்திருக்கிறார். நான் கவனித்ததே இல்லை. ஃபைல் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு தட்டில் சோறு ஆற உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். அக்கா கத்துவாள். அதற்காகத் தனக்குத் தானே எழுதி வைத்துக்கொண்டது அது.

“மிஷின்தான் அனுப்புதுன்னு எனக்குத் தெரியும்டா” என்றாள் அக்கா. “நான் பேசுவேன், செத்த நேரத்துல வரும். அவுரு சொல்லிட்டாருன்னு ரெண்டு வாய் சாப்புடுவேன். அது வரலன்னா எறங்க மாட்டேங்குது.”

அங்கேயே லேப்டாப்பைத் திறந்தேன். ஆப்பில் ஏற்றுகிற பெட்டியை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, அணைத்திருந்த இணைப்பை மறுபடி போட்டேன். ஃபைல் வரட்டும், சின்னதாகட்டும், அங்கேயே கிடக்கட்டும். கடைசிப் பெட்டியைத் தொடவில்லை. ஊரே அவள் குரலைக் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. ஊரிலும் இதுவரை யாரும் சொல்லவில்லை.

“இப்ப பேசிப் பாருக்கா” என்றேன்.

அவள் போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். நான் தெருவில் இறங்கி நின்றேன். திரும்பி வந்தபோது அக்கா சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு தரம் அதிர்ந்தது. படித்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட ஆரம்பித்தாள்.