அவளிடம் மட்டும் சொன்ன வலி

என் கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் சொன்ன ஏஐ உதவியாளரை மகள் அவருடைய கைப்பேசியில் போட்டுக் கொடுத்தாள். காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தமிழிலேயே சொல்லுமாம். பெண் குரல், தேன் ஒழுகும்.

"ஐயா, இன்று கொஞ்சம் நடந்தீர்களா?"

"நடந்தேங்க."

"கனமானதைத் தூக்காதீர்கள்."

"சரிங்க."

தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய மனிதர். முப்பது வருடத்தில் என்னிடம் இப்படிப் பணிவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. கஞ்சி வைத்து, கைலி துவைத்துப் போடுகிறவள் நான். மரியாதையெல்லாம் அவளுக்கு. ஆமாம், 'அவள்' என்றுதான் எனக்கு வந்தது.

முட்டையில் சண்டை வெடித்தது. வெட்டுக்காயம் ஆறும்வரை முட்டை, இறால் கூடாது, சீழ் வைக்கும் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளோ, காயம் ஆற முட்டையும் மீனும் நல்லது என்கிறாள்.

"அவ வயித்துல தையல் போட்டிருக்கா? அவளுக்கு என்னா தெரியும்?"

"டாக்டருங்க சொல்லிக் குடுத்ததுதான்லா."

"முட்டையத் தொட்டுட்டுக் காயம் பழுத்திச்சின்னா எங்கிட்ட வராதீங்க!"

அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து, குளியலறைக்குள் அவர் பேசுவது கேட்டது. கைப்பேசியோடு போயிருக்கிறார். கதவில் காதை வைத்தேன்.

"நேத்துலேருந்து காயத்துல தண்ணி வடியுதுங்க. பயமா இருக்குங்க."

"ஐயா, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் யாரிடமாவது காட்டினீர்களா?"

"பொஞ்சாதி இருக்கு. காட்டலைங்க. கடையில முட்டை சாப்பிட்டேன், தெரிஞ்சா ஏசும்."

பயம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதையும் அவளுக்கே கொடுத்துவிட்டார். கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி, காயத்தைப் பார்த்தேன். தையலைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார்கள்.

"முட்டையாலதானே, மிஸ்ஸி?" என்று தாதியிடம் கேட்டேன்.

"இல்லம்மா, கிருமி பிடிச்சிருக்கு. நேத்தே வந்திருக்கணும்."

அந்த ஒரு நாள் என் வாயால் போனது.

மறுநாள் காலை இரண்டு முட்டை அவித்து, உரித்து, தட்டில் வைத்தேன்.

"வலிக்குதாங்க?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, போ."

அடுக்களைக்குத் திரும்பினேன். பின்னால் அவர் கைப்பேசியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் வலிக்குதுங்க."