சத்தமாய்ச் சொன்ன ஜெபம்

அந்தச் சலவைக்கூடத்தில் ஆமென் சொல்லாதவர்களுக்கு வேலை கிடையாதாம். மருத்துவமனைக் கிடங்கில் யாரோ சொன்னதை, அங்கே போர்வை எடுக்கப் போன கொழுந்தன் காதில் வாங்கிவந்து, அழுக்கு மூட்டைகளோடு சேர்த்து இறக்கி வைத்தான்.

"மடிப்பண்ணன் வராம நின்னுட்டதுக்கும் அதுதான் காரணமாம் அண்ணி."

கூடத்தை நடத்துகிறவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கொழுந்தனுக்கு அண்ணி, மற்ற எல்லோருக்கும் அக்கா.

"ஏன் கொழுந்தனாரே, நீங்க என்னைக்காவது ஆமென் சொல்லியிருக்கீங்களா? கண்ணை மூடச் சொன்னா நின்னுக்கிட்டே தூங்குற ஆளு. உங்களையே வச்சு மேய்க்கிறேனே!"

அக்கா சிரித்ததில் நியாயம் இருந்தது. சீஷர்களின் காலையே கழுவியவரைக் கும்பிடுகிறவளுக்கு, பிறர் படுத்த போர்வையைத் துவைப்பதில் என்ன கௌரவக் குறைச்சல் என்பது அவள் கட்சி. கூடத்துக்கு வாங்கிய முதல் மின்விசிறி அவள் மேசைக்கு மேலே சுழலவில்லை. அனல் கக்கும் உருளை இஸ்திரி இயந்திரத்துக்கு எதிரே சுழன்றது. ஞாயிற்றுக்கிழமை எந்த விடுதிக்காரர் தலைகீழாக நின்றாலும் கதவு திறக்காது. "அழுக்கு எங்கயும் ஓடிப்போகாது. இவங்க ஓய்வு போனா வராது" என்று போனிலேயே முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடுவாள்.

எல்லாவற்றையும்விட அவள் பெருமைப்பட்டது காலை ஜெபத்தில்தான். இயந்திரங்களை ஓடவிடுவதற்கு முன் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒவ்வொருவர் பெயரையும் ஆண்டவரிடம் எடுத்துச் சொல்லி, அவரவர் குறைக்காக மன்றாடுவாள். எந்த முதலாளி செய்வான் இதை?

ஆனாலும் மடிப்பண்ணன் பேச்சு உறுத்தியது. உருளையிலிருந்து போர்வையை வாங்கிக் கோடு பிசகாமல் மடிக்கிறவர் அவர். சில நாட்களாக வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். சோப்புத் தொட்டிப் பக்கம் போய், அங்கே துணி ஊறவைக்கும் நுரைச் சித்தியைப் பிடித்தாள்.

"சித்தி, உண்மையைச் சொல்லுங்க. மடிப்பண்ணனுக்கு என் மேல என்ன கோவம்?"

நுரைச் சித்தி கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏம்மா, அவர் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுத் தாய் வீட்டுக்குப் போனதை உன்கிட்ட மட்டும்தானே சொன்னாரு?"

"ஆமா. அதுக்காக ஜெபம்தானே பண்ணேன்?"

"பண்ணே. 'ஆண்டவரே, இவரை விட்டுப் போன மனைவியைத் திருப்பிக் கொண்டுவாரும்'னு கூரை அதிரப் பண்ணே. ஆண்டவருக்குக் கேட்டுச்சோ இல்லையோ, எங்க எல்லாருக்கும் நல்லாக் கேட்டுச்சு. அன்னைக்கு மத்தியானமே ஒருத்தன், 'இன்னிக்கு உங்க வீட்ல சமையல் யாருண்ணே'ன்னு கேட்டுட்டான். மனுஷன் சாப்பாட்டை மூடி வச்சிட்டு எந்திரிச்சுப் போனவருதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை எல்லோரும் வழக்கம்போலத் தலைகுனிந்து நின்றார்கள். அக்கா கண்ணை மூடவில்லை.

"ஜெபம் அப்புறம். முதல்ல நான் உங்களைப் பார்த்துப் பேசணும். மடிப்பண்ணன் என்னை நம்பிச் சொன்னதை நான் ஊருக்கே சொல்லிட்டேன். ஜெபம்னு பேர் வச்சதால அது தப்பில்லன்னு ஆயிடாது. இனிமே உங்க வீட்டு விஷயத்தை நான் தனியா, கதவைச் சாத்திக்கிட்டுத்தான் ஆண்டவர்கிட்ட சொல்லுவேன். இங்க நிக்கறது உங்க இஷ்டம். வராதவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. அவரைக் கிண்டல் பண்ணவன் யாருன்னு நான் தேடப் போறதில்ல. வாய்ப்பைக் கொடுத்தவளே நான்தான்."

"அப்ப என் முட்டிவலி?" என்றாள் நுரைச் சித்தி.

"அதைச் சத்தமாவே சொல்றேன் சித்தி. முட்டி கோவிச்சுக்காது."

சிரிப்பு அடங்கியதும் கொழுந்தன் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "மடிப்புக்கு வேற ஆள் பார்த்து வச்சிருக்கேன் அண்ணி. அந்த இடம் காலியாக் கிடக்கே..."

"அது காலி இல்ல. அவர் இன்னும் வரல, அவ்வளவுதான்."

அன்று முழுக்க உருளை முன்னால் அக்காவே நின்றாள். முழங்கையில் இரண்டு இடம் சுட்டுக்கொண்டாள். மடிப்புகள் கோணல் மாணலாக வந்தன. நுரைச் சித்தி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேலை ஓய்ந்ததும் உலர்த்தும் முற்றத்துக்குப் போய் மடிப்பண்ணனுக்குப் போன் போட்டாள். முதலில் மன்னிப்பு; வேலைப் பேச்சு அவராக எடுத்தால்தான் என்று முடிவு செய்திருந்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

"உங்க நம்பரைப் பார்த்தா எடுக்கமாட்டாரு அண்ணி," என்று கொழுந்தன் தன் போனை நீட்டினான். "இதுல கூப்பிடுங்க. நான்னு நினைச்சு எடுத்துருவாரு."

"மன்னிப்புக் கேக்கறவ ஆளை மாத்திக் கூப்பிடுவாளா? நான்தான்னு தெரிஞ்சே அவர் எடுக்கணும். எடுப்பாரு."

"எடுக்கலைன்னா?"

"நாளைக்கு வீட்டு வாசல்ல போய் நிப்பேன். கதவைத் திறக்கறது அவர் இஷ்டம்."

மறுபடி அதே எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. ஈரப் போர்வைகளுக்கு நடுவே, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, நேராக நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.