உம்மாவுக்காகக் கட்டிய மேல்மாடி

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடித்துவைப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா எனக்குக் கல்முனையில் கடற்கரைப் பக்கம் இருந்த வீட்டைத் தந்தார். தங்கச்சிக்குப் பெரிய தெருவுக்கு மேற்கே, வயலோரம் ஒன்றைக் கட்டினார். வாப்பா மௌத்தான பிறகு உம்மா எந்த மகளோடு இருப்பது என்ற கேள்வியே எழவில்லை. சுனாமியில் கடல் வந்த அன்று எங்கள் வளவுக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஓடித் தப்பியவர் அவர். அதற்குப் பிறகு என் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை.

எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்துப் பயனில்லை. பெருநாளைக்கு சலாம் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் தங்கச்சி வீட்டுக்குத்தான் போனார்கள். நான் போனாலும் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் தட்டில் பிஸ்கட் அடுக்கித் தேத்தண்ணீர் தருவாள். பெற்ற உம்மாவைப் பார்க்கப் போன இடத்தில் பிஸ்கட் தந்தால் வயிறு எரியாதா?

கடல் பயத்தை எடுத்துவிட்டால் உம்மா வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கு மேல் மாடி கட்டினேன்.

"ரெண்டு பேருக்கு எதுக்குப் புள்ள மாடி?" என்று கேட்டார் என் கணவர்.

"கடல் திரும்ப வந்தா?" என்றேன்.

கதவருகே ஒரு பையும் தொங்கவிட்டேன். அடையாள அட்டை, காணி உறுதிப் பத்திரம், மருந்து, டோர்ச் லைட் எல்லாம் அதற்குள் இருந்தன. தங்கச்சிக்கு அவளுடைய வீட்டு உறுதி எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பதே தெரியாது. ஆபத்தை நினைத்துப் பார்க்கிற மகள் நான்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

மாடி வேலை முடிந்ததும் உம்மாவையும் தங்கச்சியையும் ஆட்டோவில் கூட்டிவந்தேன். உம்மா படியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். அவருக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பதினேழு படி வைத்துக் கட்டியிருக்கிறேன்.

"மகள், நான் இதில ஏறி முடியிறத்துக்குள்ள கடல் வந்துட்டுத் திரும்பியும் போயிரும்," என்றார் உம்மா.

தங்கச்சி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வெகுநாள் மறக்கவில்லை.

அடுத்த மாரியில் மழை விடாமல் பெய்து, வயல் வெள்ளம் தங்கச்சியின் வீட்டுக்குள் ஏறியது. செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். இனி உம்மாவுக்குப் போக வேறு இடமில்லை, என்னிடம்தான் வர வேண்டும்.

ஆட்டோ பெரிய தெருவோடு நின்றுவிட்டது. இறங்கி ஓடலாம் என்று செருப்பைக் கழற்றினால், உம்மா எதிரே வந்துகொண்டிருக்கிறார். பிளாஸ்டிக் கதிரையில் அவரை இருத்தி, பக்கத்து வீட்டு ஆண்கள் நாலு பேர் முழங்கால் தண்ணீரில் நிதானமாகத் தூக்கிவந்தார்கள். தங்கச்சி குடை பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"பயப்பிடாதீங்க ராத்தா, இவங்களுக்குப் பழக்கம். கிளினிக்குக்கும் இப்பிடித்தானே கொண்டு போறம்," என்றாள்.

உம்மாவுக்குக் கீழ் ஹோலில் படுக்கை போட்டேன். தங்கச்சி மாடியில் தங்கினாள். மறுநாள் விடியமுன், சுபஹு தொழுகைக்கு "மகள்" என்று உம்மா கூப்பிட, நான் விழுந்தடித்து ஓடினேன்.

"நீ இல்ல புள்ள, மத்தவள்."

"நான் புடிக்கிறன் உம்மா."

"ஒனக்குத் தெரியா. ரெண்டு பேரும் விழுவம்."

தங்கச்சி இறங்கி வந்தாள். உம்மாவின் அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து, தன் இடுப்போடு சாய்த்துக்கொண்டு, குழந்தையைப்போல் எழுப்பினாள். பாத்ரூம் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆசையாகப் பதித்த மாபிள் பளபளத்தது.

"இதில புடிக்க ஒண்டுமே இல்லியே ராத்தா."

அவளுடைய பாத்ரூம் சுவரில் ஒரு இரும்புக் கம்பி இருக்கிறது. அதைப் பார்த்து அசிங்கம் என்று சொன்னவளும் நான்தான்.

"கடல் வந்தா என்ன செய்வாய்? ஒரு பையாவது கட்டி வெச்சிரிக்கியா?" என்று அந்த நேரத்திலும் கேட்டேன். தோற்கிறவளுக்கு வாய் நீளம்.

"கடல் எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்? உம்மா அஞ்சு நேரமும் தொழ, கைகால் கழுவி ஒளு எடுக்கப் பாத்ரூமுக்குப் போறாவே," என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் வெள்ளம் வடிந்தது. உம்மா அவளோடு போய்விட்டார். அந்தக் கிழமையே ஆளைப் பிடித்து, மாபிளில் துளை போட்டு, என் பாத்ரூமிலும் கம்பி பூட்டினேன். தங்கச்சியின் கம்பியைவிட நல்லது, துருப்பிடிக்காதது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். உம்மாவைக் கொஞ்ச நாளைக்கு அனுப்பு என்று கேட்பதற்காகத்தான்.

அவள் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். நல்ல உறுதி என்றாள். பிறகு கையை எடுத்து, சுவரில் ஒரு சாண் கீழே வைத்துக் காட்டினாள்.

"உம்மாட கை இவ்வளவுக்குத்தான் எட்டும், ராத்தா."

நான் என் உயரத்துக்கு அளந்து பூட்டியிருந்தேன்.