விளம்பரத்துக்கு இரண்டு ஸ்பூன்

சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை நான். திருபுவனைப் பக்கத்துக் கிராமத்தில் இரண்டாம் வகுப்பு படித்தபோதே எனக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. பாதித் தெரு என்னைக் காட்டித்தான் தன் பிள்ளைகளைத் திட்டும். அந்தப் பெயரால் என் தங்கை பிழைத்ததே பெரும்பாடு.

அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. மூன்று நாளாக வயிற்றாலே போனது; குடித்ததெல்லாம் வாந்தி. அப்பா லாரியோடு வெளியூரில் இருந்தார். அம்மாவுக்குத் திருபுவனையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மூன்று நாளும் லீவு. சூப்பர்வைசர் போன் செய்வார். அம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, துணி அலசியபடியே, "நாளைக்கி வந்துடறேன் சார்" என்பாள். கொடியில் இடமில்லாமல் வேலியிலும் முருங்கைக் கிளையிலும் என் சைக்கிள் மேலும் ஈரத்துணி. சைக்கிளை நனைத்ததுதான் எனக்குப் பெரிய குறை.

இதில் அத்தை வேறு. அப்பாவின் அக்கா, அடுத்த தெரு. தினமும் வந்து எட்டிப் பார்த்து, "கம்பெனிக்குப் போறவளுக்குப் புள்ள வளக்கத் தெரியுமா இன்னா?" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுப் போவாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா உப்பு சர்க்கரைப் பவுடர் கொடுத்திருந்தார். தண்ணீரில் கலந்து, அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஸ்பூனால் ஊட்ட வேண்டும். விட்டால் உடம்பில் நீர் வற்றிவிடும் என்றார். இரண்டு ராத்திரி அம்மா கண் மூடாமல் ஊட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்பூனோடு உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள். திடுக்கிட்டு எழுந்து என்னைக் கூப்பிட்டாள். எனக்குக் கடிகாரம் பார்க்க வராது. அதனால் டிவியைப் போட்டாள்.

"நாடகம் ஓடசொல்ல சும்மா பாத்துக்கினு இரு. விளம்பரம் வரசொல்ல பாப்பாவுக்கு ரெண்டு ஸ்பூன் குடு. நான் கொஞ்சம் கண்ண மூடறேன், எழுப்பாதடி."

இரண்டு விளம்பரம் வரை ஒரு சொட்டு சிந்தாமல் ஊட்டினேன். மூன்றாவது வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

டிவி ஓடாமல் விளம்பரம் எங்கிருந்து வரும்? ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு தயாராகவே உட்கார்ந்திருந்தேன். தங்கை கொஞ்ச நேரம் சிணுங்கினாள். பிறகு சிணுங்கலும் நின்றது. பரவாயில்லையே, தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு அட்டையால் விசிறிவிட்டேன். அம்மாவை எழுப்பவில்லை. அதையும்தான் சொல்லியிருந்தாளே!

வெயில் தாழ அம்மா தானாக விழித்தாள். கலந்து வைத்த தண்ணீர் டம்ளரில் அவ்வளவாகக் குறையாமல் இருந்ததைப் பார்த்தாள். தங்கையைத் தூக்கினால் தலை நிற்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது. "ஐயோ, எம்புள்ள!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் பைக்கைக் கிளப்பிவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் ஏறினாள். என்னை அத்தை பின்னாலேயே பஸ்ஸில் கூட்டிப் போனாள்.

நாங்கள் போனபோது இரண்டு கையிலும் நரம்பு கிடைக்காமல் தங்கையின் காலில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி குடுத்தியா இல்லியாம்மா?" என்றார் நர்ஸம்மா.

"தூங்கிட்டேங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

அத்தை விடுவாளா? "புள்ள இப்டி கெடக்கசொல்ல தூக்கம் வருதாடி உனுக்கு? தாயா நீ?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். பிறகு என்னிடம், "உங்கம்மா தூங்கிக்கினா இருந்தா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லக்கூடாது இல்லையா? "ஆமா அத்த, ரொம்ப நேரம் தூங்கிச்சி" என்றேன், பளிச்சென்று.

அம்மா என்னைப் பார்த்தாள். ஸ்பூனை என்னிடம் கொடுத்திருந்ததை அவள் அப்போதும் சொல்லவில்லை. "நீ சாப்ட்டியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

இருட்டுவதற்குள் தங்கை வீறிட்டு அழுதாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இனிப் பயமில்லை என்றார் நர்ஸம்மா. அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுததைப் பார்த்து, நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தத் தூக்கத்தை அத்தை வருஷக்கணக்கில், கல்யாண வீடு, காதுகுத்து என்று போன இடமெல்லாம் சொல்லிக் காட்டினாள். அம்மா ஒருதரமும் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. முதல் ஷிஃப்டுக்கு விடியுமுன் எழுந்து போய்த் திரும்பிய நாளிலும், கண் சொருகச் சொருக, சுவரில் சாயாமல் உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்குப் பகல் தூக்கம் பிடிக்காது போல என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.