கறுப்பு அட்டைக்குள் அடங்கும் திரை

அர்லிஸ் டுவைட் முட்டை வாங்கினால் கடையிலேயே பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். வெண்ணெய்ப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் தராசில் ஒருமுறை எடைபோட்ட பிறகுதான் பிரிப்பாள். அப்படிப்பட்டவளிடம் ஃபார்கோ நகரத்து மின்சாதனக் கடைக்காரன் சிக்கியது அவன் கெட்ட நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

“இதைப் பாருங்க மேடம், இவ்வளவு மெல்லிசா எங்கேயும் கிடைக்காது,” என்று ஒரு டேப்லெட்டை நீட்டினான். திரையில் ஒரு பஞ்சவர்ணக் கிளி சிறகை விரித்தது.

“கிளியைக் காட்டினா எந்தத் திரையும் பளபளன்னுதான் இருக்கும். எனக்குக் கிளி வேண்டாம். வெள்ளைத் தாள்ல கறுப்புப் புள்ளி காட்டு.”

“புள்ளியா?”

“புள்ளிதான். அது சரி, மெல்லிசா இருக்கேன்னு பெருமைப்படுறியே, உள்ளேயிருந்து எதை எடுத்துட்டாங்க?”

“பேட்டரி மட்டும் சின்னது மேடம்.”

“பார்த்தியா,” என்றாள் அர்லிஸ், கணவன் ஓரினைத் திரும்பிப் பார்த்து. ஓரின் தலையாட்டினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படித்தான் தலையாட்டுகிறான்.

பிறகு அவள் கைப்பையிலிருந்து தேய்ந்துபோன ஒரு கறுப்பு அட்டையை எடுத்தாள். பாட்டுத்தாள்களை வைத்துக்கொள்ளும் அட்டை. டேப்லெட்டை அதற்குள் செருகி, மூடி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தாள். வெளியே தெரியாமல் மூடுகிறதா என்பதுதான் அவளுக்கு முக்கியம். கடைக்காரன் இவள் எதைத் திருடப் போகிறாளோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். தன் ஊர் தேவாலயத்தில் அர்லிஸ் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஆர்கன் வாசிக்கிறாள். பள்ளிக்கூடத்துச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், அதற்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் ஆர்கன் பெஞ்சு போனால் அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. போன வருஷத்திலிருந்து கண் மங்குகிறது. நடுப் பார்வையை யாரோ ரப்பர் வைத்து அழித்த மாதிரி. டாக்டருக்கும் ஓரினுக்கும் மட்டுமே தெரியும். பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் பொத்தானை அமுக்கினால் தானே பாடும் பெட்டி ஒன்றை வாங்கி, அங்கே வாசித்துக்கொண்டிருந்தவளுக்குக் கேக் வெட்டி அனுப்பிவைத்துவிட்டார்கள். அதிலிருந்து அர்லிஸ் தேவாலயத்தில் யார் கேக் நீட்டினாலும் தொடுவதில்லை.

இங்கேயும் ஏதோ நடக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆர்கனுக்கு மேலே சொல்லாமல் கொள்ளாமல் பெரிய பல்பு மாட்டியிருந்தார்கள். பாட்டு எண் பலகையில் எண்கள் திடீரென்று தட்டு அளவுக்குப் பெரிதாகிவிட்டன. வியாழக்கிழமை ஒத்திகை முடிந்து அவள் காரை எடுத்ததும் பாடகர் குழு வாசலில் கூடிக் குசுகுசுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதுப் போதகரம்மா ஒருநாள், “உங்களுக்கு ஏதாவது வேணுமா, அர்லிஸ்?” என்று கேட்டாள். அந்த ஊரில் ஒருத்தரை அவ்வளவு கனிவாகக் கேட்டால் வழியனுப்பத் தயாராகிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

மெல்லிய டேப்லெட் அட்டைக்குள் ஒளிந்தது. ஆனால் திரை சின்னது, பாட்டுத்தாளின் இசைக்குறிப்புப் புள்ளிகள் அதில் கசகசா மாதிரி இருந்தன. அடுத்தது பெரியது, மெல்லியது, விலையும் அதற்கேற்ற மாதிரி. அதில் கடை விளக்கெல்லாம் மின்னியது.

“இதுல என் மூஞ்சிதான் தெரியுது. அதை நான் வீட்டுலயே பார்த்துக்குவேன். ஜன்னல் வெயில் விழுந்தா?”

“வெளிச்சத்தைக் கூட்டிக்கலாம் மேடம்.”

“கூட்டினா என் முகத்துல அடிக்குமே, ஊருக்கே தெரியுமே!”

கடைசியில் பெரிய திரை, மினுக்கம் இல்லாத பரப்பு, ஆனால் நடுத்தரத் தடிமன் உள்ள ஒன்றை எடுத்தாள். அட்டை அதோடு மூட மறுத்தது. வீட்டுக்கு வந்து அட்டையின் உள் காகிதத்தைச் சுரண்டி எடுத்து இடம் செய்தாள். ஓரின் பாட்டுத்தாள்களைப் படம் பிடித்து உள்ளே ஏற்றினான்.

“பேசாம அவங்ககிட்டச் சொல்லிடேன்,” என்றான்.

“நீ பேசாம படத்தைப் பிடி, கிழவா.”

ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் முன்னால் உட்கார்ந்து அட்டையை விரித்தாள். சமையலறையில் பார்த்ததைவிடத் தெளிவாக, ஒவ்வொரு புள்ளியும் பட்டாணி அளவுக்குத் தெரிந்தது. முதல் பாட்டில் இரண்டாம் வரி முடிந்தது. வழக்கமாக அங்கேதான் கை நிற்க, கண்ணை இடுக்கி அடுத்த வரியைத் தேடுவாள். இன்று தேடவில்லை, கை நேரே மூன்றாம் வரிக்குப் போனது.

ஆர்கன் மட்டும் போனது. ஒரு குரலும் கூட வரவில்லை.

தன்னை அவமானப்படுத்தத்தான் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று அர்லிஸுக்குக் காது சிவந்தது. முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பார்க்க ஆர்கனுக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. பாடகர் குழு, சபை, போதகரம்மா, எல்லோரும் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு அவள் கையையே பார்த்தபடி பொறுமையாக நின்றார்கள். வாராவாரம் அங்கே நின்று பழகியவர்கள் நிற்கிற நிற்பு அது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் சரணத்தில் அவர்களுக்காக அந்த இடத்தில் நிறுத்தினாள். அவர்களோ இந்த முறை சுதாரித்துக்கொண்டு, நிற்காமல் அவளை விட்டுவிட்டு மூன்றாம் வரியைப் பாடிக்கொண்டு ஓடினார்கள். எங்கேயோ ஒரு கிழவர் உரக்கச் சிரித்தார். மூன்றாம் சரணத்தில், அவ்வளவு அலசி வாங்கிய திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. கண் நிறைந்து வழிந்தது.

பிறகு கீழ்த்தளத்தில் காப்பி. பாடகர் குழுவின் லவோன் கோப்பையை நீட்டினாள்.

“எப்போலேருந்துடி?” என்றாள் அர்லிஸ்.

“என்ன எப்போலேருந்து?”

“நின்னீங்களே.”

லவோன் சர்க்கரையைக் கலக்கினாள். “போன வருஷம் பீட்ரூட் அறுவடைக்கு முன்னாடியே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ விலகிப் போயிருப்ப. அப்புறம் அந்தப் பெட்டியை வாங்கிடுவாங்க. பெட்டி நமக்காக நிக்குமா?” லவோன் குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணு. அட்டைக்குள்ள எதை வச்சிருக்கியோ, உன் மூக்கு நீலமா மின்னுது.”

அடுத்த ஞாயிறு அட்டை வீட்டிலேயே கிடந்தது. டேப்லெட் ஊரறியத் தாங்கியில் நின்றது. இரண்டாம் வரி முடிந்ததும் அர்லிஸ் கையை எடுத்தாள். எல்லோரும் நின்றார்கள். மூன்றாம் வரி கண்முன்னே பளிச்சென்று தெரிந்தது. தெரிந்தும் ஒரு மூச்சு நேரம் அவர்களோடு நின்றுவிட்டுத்தான் வாசித்தாள்.