துண்டு போட்ட தோசைக்கல்

1. திரையில் வந்த விலை

நாற்பத்தொன்றாம் லாட் ஒரு தோசைக்கல். ஹாலில் ஒரே ஒருவர்தான் விலை சொன்னார். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அப்படித்தான் நிற்க வேண்டும், எங்கள் ஏலக்கடையின் வழக்கம் அது. ஆனால் சுவரில் புதிதாக மாட்டிய திரையில் அதைவிடக் கூடின விலை ஒன்று வந்து நின்றது. புது சாஃப்ட்வேரில் நாங்கள் நடத்திய முதல் ஏலம் அன்று.

நான் எஸ்தர். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஆரியசாலையில் அந்த ஏலக்கடையில் இருபத்தாறு வருடம் கிளார்க்காக இருந்தவள். மூடிய ஹோட்டல், காலி செய்த வீடு, நொடித்த கடை என்று எங்கிருந்தும் சாமான் வரும். அங்கே வேலை பார்த்தவருக்கோ வாழ்ந்தவருக்கோ அதில் ஏதாவது ஒன்றின் மேல் மனம் ஒட்டியிருக்கும். விற்பவர் சம்மதித்தால், அந்த ஆள் முன்கூட்டியே வந்து தன் தோள் துண்டை அந்தச் சாமான் மேல் போட்டுவிட்டுப் போவார். அதன்பிறகு அவரைத் தவிர வேறு யாரும் அதற்கு விலை கேட்கமாட்டார்கள். ஒரு பித்தளை அண்டாவுக்காகக் கழுத்தைப் பிடிக்கும் சாலைக் கடைத்தெரு வியாபாரிகள்கூட, துண்டைக் கண்டால் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இதை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை.

2. நான் செய்தது

முதலாளியின் மகள் அனிதா பொறுப்பேற்றதும் என்னைக் கூப்பிட்டாள்.

"எஸ்தர் அக்கா, வரவுக்கு ஒரு புக்கு, ஏலத்துக்கு ஒரு புக்கு, டெலிவரிக்கு ஒண்ணு, போதாததுக்கு நாலு வாட்ஸப் குரூப்பு. ஒண்ணோட ஒண்ணு சேரல்ல. எல்லாத்தையும் ஒரே சாஃப்ட்வேர்ல கொண்டு வருவம்."

அவள் சொன்னது சரி. ஒரே அலமாரியை இரண்டு பேருக்கு விற்றுவிட்டு நாங்கள் முழித்திருக்கிறோம். நான் முரண்டு பிடிக்கவில்லை. கண்ணாடியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். ஆபீசிலேயே முதலில் படித்தவள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

போட்டோவில் பொருள் முழுதாகத் தெரிய வேண்டும் என்று டிரெயினிங்கில் சொல்லியிருந்தார்கள். தோசைக்கல் மேல் ஒரு பச்சைக்கரைத் துண்டு கிடந்தது. தோசை மாஸ்டர் முருகேசனின் துண்டு. சங்கரன்கோவில்காரர். பதினெட்டு வருடம் அந்தக் கல்லில்தான் தோசை சுட்டார். வேலை பார்த்த ஹோட்டல் மூடியபோது அவர் கேட்டது அது ஒன்றைத்தான். நான் துண்டை எடுத்தேன், போட்டோ பிடித்தேன், பத்திரமாக மடித்துத் திரும்பக் கல்லின் மேலேயே வைத்தேன். நீளம், அகலம், எடை எல்லாம் டைப் செய்தேன். துண்டைப் பற்றி எழுத அந்தத் திரையில் இடமில்லை. இடமில்லையே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஏலத்தன்று ஹாலில் இருந்தவர்கள் துண்டைப் பார்த்தார்கள். ஆன்லைனில் இருந்தவர் வெறும் கல்லைப் பார்த்தார்.

ஏலம் விளிக்கும் சுகுமாரன் அண்ணன் விலையைக் கூட்டிச் சொல்லச் சொல்லிப் பதறினார். "கூட்டிப் பற முருகேசா! சமயம் போகுது!"

"துண்டு கெடக்குல்லா அண்ணாச்சி? பொறவு எதுக்கு கூட்டணும்?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் திரையில் ஓடிய நொடிகள் பூஜ்யத்துக்கு வந்தன. லாட் மூடிவிட்டது. முருகேசன் போய்த் தன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் எழுந்து, "தப்பு எனக்க பேர்லதான் அண்ணே, போட்டோவுக்கு துண்டை நாந்தான் எடுத்தேன்" என்றேன்.

3. கல்லாறு

வாங்கியவர் கல்லாறு என்ற மலையூரில் ஹோம்ஸ்டே நடத்துபவர். அவர் சம்மதித்தால் கேன்சல் செய்யலாம் என்றாள் அனிதா. நாலு நாள் போன் கிடைக்கவில்லை. அதற்குள் வண்டி வந்து கல்லை ஏற்றிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் முருகேசனும் பஸ் ஏறினோம்.

"சொந்தமா ஒரு தோசைக்கடைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுக்கா. ஒண்ணாந்தேதி தொறக்கணும்" என்றார். "புதுக்கல்லுன்னா ஒரு மாசம் ஒட்டும். பிஞ்ச தோசைய எவன் திம்பான்? மொதல் வாரத்துல வராதவன் பொறவு வரமாட்டான்."

ஹோம்ஸ்டேக்காரர் தங்கமான மனிதர். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்தார்.

"அய்யோ சேச்சி, எனிக்கு அறியாது! தாராளமா எடுத்துக்கோங்க, பைசா வேண்டா."

கல் வாசல் சுவரில் தொங்கியது. பளபளவென்று கறுப்பாக, நடுவில் வெள்ளை எழுத்தில் 'வெல்கம்'. முழுக்கக் கரி பிடித்துக் கிடந்ததால் கிரைண்டர் போட்டுச் சுரண்டிப் பெயிண்ட் அடித்ததாகச் சொன்னார்.

முருகேசன் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்றுத் தடவினார். பதினெட்டு வருடம் அது குடித்த எண்ணெய் போயிருந்தது.

"இது நம்ம கல்லு இல்லக்கா. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அதே கல்தான். அவருக்கும் தெரியும். திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன், அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

4. ஒட்டிய தோசை

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மறுநாளே போன் போட்டேன். அங்கே பேசிய பெண், "ரிசர்வ்டுன்னு ஒரு ஃபீல்டு வெச்சா போதுமா மேடம்?" என்றாள்.

"போதாது மக்ளே. துண்டு கெடக்குத மாதிரியே போட்டோ வரணும். கீழ 'துண்டு போட்டது'ன்னு எழுதணும். ஆன்லைன்ல அந்த சாமானுக்கு வெல கேக்குத பட்டனே இருக்கப்பிடாது."

செய்து கொடுத்தார்கள். இன்றும் அப்படியே இருக்கிறது. சாஃப்ட்வேரை நான் குறை சொல்லமாட்டேன். அதன் பிறகு ஒரு அலமாரிகூட இரண்டு தடவை விற்கவில்லை. புது சிஸ்டத்துக்கு மாறப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: படத்தை மறைக்கிறதென்று எதையாவது எடுக்கும் முன், அதை யார் வைத்தது என்று கேளுங்கள்.

முருகேசன் சொன்ன தேதியில் புதுக்கல்லோடு கடை திறந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் போனேன். ஐந்து பெஞ்சில் நான் ஒருத்திதான். தோசை கல்லை விட்டு வரவில்லை. கரண்டியால் சுரண்டி, கிழிந்ததும் கருகியதுமாகத் தட்டில் வைத்தவர், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இப்ப வராதீங்கக்கா. கல்லு பழகட்டும், அடுத்த மாசம் வாங்க."

"இன்னொண்ணு போடுங்க அண்ணே" என்றேன்.

கல் பழகும்வரை தினமும் போய்ச் சாப்பிட்டேன்.